தம்

மூன்று அர்த்தம் எனக்கு அந்தச் சொல்லில்.
பேசின் பிரிட்ஜ் சுவரோரம்
பதினாறு வயதில் இழுத்தது ஒன்று.
காசிமேட்டுத் தண்ணீருக்குள் முங்கி
யார் கடைசி என்று கட்டியது இன்னொன்று.
மூன்றாவதைப் பட்டாளம் கொடுத்தது.
இருட்டில் எது அசைந்தாலும்
துப்பாக்கியைத் தூக்கி இந்தியில் கத்தணும்:
தம்! கோன் ஆத்தா ஹை?
நில், வருவது யார்?
தோஸ்த் என்று பதில் வந்தால்
அன்றைய கடவுச்சொல்லைக் கேட்கணும்.
சரியாகச் சொன்னால் விடலாம்.

பத்தொன்பதாயிரம் அடி உயரத்தில்
மூச்சுக்கும் ரேஷன்.
பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தால்
நாலு மூச்சு கடன்.
ஜெபமணியும் நானும்
ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்து நடந்தோம்.
பனி வாய் திறந்தது.
கயிறு என் பக்கம் இருந்தது.

(வியாழக்கிழமைக் குழுவிலும்
இந்த இடம் வந்ததும் டீ கேட்பேன்.)

அப்புறம் கேன்டீன் கார்டு,
தீவுத்திடல் வரிசை, மாதக் கோட்டா ரம்.
பன்னிரண்டாம் தேதிக்குள் அது தீரும்.
பிறகு டாஸ்மாக்.
பிறகு புஷ்பலதாவின் தோடு.
ஒரு தீபாவளிக் காலையில்
கட்டிலுக்கடியில் நான் கிடந்ததைப் பார்த்தாள் மகள்.
அதற்குப் பின்
அவள் பட்டாசு கேட்கவே இல்லை.

அயனாவரத்தில் ஷகிலா மேடம் சொன்னார்,
"கண்ண மூடுங்க."
மூடவில்லை.
கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கிற அறையில்
எவன் மூடுவான்?
"சரி, தொறந்தே வைங்க.
என்ன வருதுன்னு மட்டும் பாருங்க."
பாத்துட்டு?
"பாத்துட்டு விட்ருங்க."
அட,
இது சென்ட்ரி டியூட்டி ஆச்சே.

இப்போது காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
ராத்திரி வாட்ச்மேன்.
பனியிலிருந்து தப்பி வந்தவனை
பனிக்கட்டிக்கே காவல் வைத்திருக்கிறது சென்னை.
மூன்று மணிக்கு கிரஷர் ஓடும்.
முதல் வாரம் அந்தச் சத்தத்துக்கு
கேட்டைப் போட்டது போட்டபடி விட்டு
ஹார்பர் சுவர்வரை ஓடினேன்.
இன்று உள்ளங்காலைத் தேடுகிறேன்.
ரப்பர் செருப்பு. ஈரம். மீன் கவிச்சி.
மூக்கு நுனியில் காற்று,
கடல் மட்டத்துக் கொழுத்த காற்று,
எவனும் அளந்து கொடுக்காதது.
உள்ளே வருகிறது.
போகிறது.

தம். வருவது யார்?
தாகம்.
நாலு ஆள் பலத்தோடு கேட்டில் நிற்கிறது.
செல்போனில் நேரம் பார்த்தேன், பதினோரு நிமிஷம்.
தானாகக் கிளம்பிப் போய்விட்டது.
தம். யார்?
சூப்பர்வைசர் நேற்று சொன்ன வார்த்தை,
இன்னும் சூடாக.
தம். யார்?
நாய்.
உண்மையான நாய்.

நாற்பத்தோராம் நாள்
ஒரு குவார்ட்டர் என்னைத் தாண்டி உள்ளே போனது.
சென்ட்ரி தூங்கியிருந்தான்.
பட்டாளமாக இருந்தால் கோர்ட் மார்ஷல்.
மேடம் என் நோட்டில் மறுபடி
ஒன்று என்று எழுதினார், அதே நீலப் பேனாவில்.
இன்று பத்தொன்பது.

நாலரைக்கு லாஞ்சுகள் கரை சேரும்.
அதற்குச் சற்று முன்னால் ஒருவன் வருவான்,
தோள் முழுக்கப் பனி.
தம், என்கிறேன்.
தோஸ்த், என்கிறான்
அதே நாகர்கோவில் இந்தியில்.
இன்றைய கடவுச்சொல் அவனுக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான் யாரும் சொல்லவில்லை.
தடுக்கவும் வரவில்லை, உள்ளே விடவும் வரவில்லை.
கேட்டுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன்.
லோடு ஏற்றிய வண்டியின் அடியில்
ஐஸ் உருகிச் சொட்டுகிறது.

எண்ணவில்லை.
கேட்டுக்கொண்டிருக்கிறோம்.