மூன்றாவது சனிக்கிழமை

இம்மிங்ஹாம் துறைமுகத்துக்குப் பின்னால்
டயர் கடை மாடியில் வகுப்பு.
படியேறும்போதே ரப்பர் வாடை.
பதினொரு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள்.
தேநீர் கட்டணத்தில் சேராது,
டப்பாவில் ஐம்பது பென்ஸ் போடவும் என்று
சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஐந்து ஆண்டுக்கு முப்பத்தைந்து மணி நேரம்.
நாளுக்கு ஏழு என்றால் ஐந்து சனிக்கிழமை.
சனிக்கிழமை எனக்கு ஒன்றரைக் கூலி.
வகுப்புக்கு எழுபத்தைந்து பவுண்ட்,
விட்ட கூலி நூற்றெண்பது,
ஸ்கன்தார்ப்பிலிருந்து வந்துபோகப் பெட்ரோல்.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.
சுமைகூலியில் பிழைக்கிறவளுக்கே
இந்தக் கணக்கு வருகிறது.

கம்பெனி கட்டும் என்றார்கள்.
கட்டும்தான்,
இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டால்.
எனக்கு மிச்சமே பதினாலு மாதம்.
அதற்குப் பிறகு இந்த இடுப்பு
எந்த லாரியிலும் ஏறப்போவதில்லை.
அட்டைக்கு மட்டும் ஐந்து வருட ஆயுள்.
நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன்,
மேசை இழுப்பறைக்குள்
அந்த அசட்டுப் படத்தோடு அது
இவள் ஓட்டலாம், இவள் ஓட்டலாம் என்று
சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்றைய பாடம் சோர்வு.

பக்கத்தில் ரிமாந்தாஸ்.
இரவெல்லாம் தக்காளி ஏற்றி ஓட்டிவிட்டு
நேரே இங்கே வந்திருக்கிறான்.
"வகுப்பில் இருப்பதும் வேலை நேரமே,
ஓய்வுக் கணக்கில் வராது"
என்று திரையில் வந்தபோது
அவன் பார்க்கவில்லை.
வாய் லேசாகத் திறந்திருந்தது.

நடத்துகிற லெஸ்டர் முன்பு பஸ் ஓட்டியவர்.
கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார்.
"ஏழு மணி நேரம் இருக்கணும், அதுதான் சட்டம்.
கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும்னு
அதுல எங்கேயும் இல்ல"
என்றபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
சோர்வைப் பற்றி அவ்வளவு மென்மையாக
யாரும் பேசிக் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்துக்கு இறக்கினார்.
ஒரு பழைய லாரி,
முன் மூலைக் கண்ணாடி எப்போதோ போய்விட்டது.
கொலெட், நீ ஏறு என்றார்.
ஏறினேன், இடுப்பு முனகியது.
"இடப்பக்கம் எத்தனை பேர்?"
கண்ணாடியில் சுவர் தெரிந்தது,
ஒரு குப்பைத் தொட்டி,
மேலே கொஞ்சம் வானம்.
யாருமில்லை என்றேன்.

இறங்கி வந்து பார்த்தேன்.
பத்துப் பேர்.
ரிமாந்தாஸின் உள்ளங்கை
கதவின் மேலேயே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை.
இருபத்தாறு வருடம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறேன்.
ஹல்லில் ஒரு முறை, மழை நாள்,
பின் சக்கரத்தில் ஏதோ தட்டியது.
நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.
நடைபாதைக் கல்.
கல்தான்.
திரும்பவும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இதற்கு எழுபத்தைந்து அதிகமில்லை என்று
ரசீது வாங்கும்போது தோன்றியது.
பிறகுதான் அந்தப் பெண் சொன்னாள்,
அடுத்த இரண்டு சனிக்கிழமையும் இதே பாடம்தானாம்.
வேறு வகுப்புக்கு ஆள் சேரவில்லை.
ஒரே பாடத்தைத் திரும்ப உட்கார்ந்து கேட்டாலும்
மணி நேரம் மணி நேரம்தான்.
அதே லாரி, அதே சுவர், அதே குப்பைத் தொட்டி.
இருநூற்று ஐம்பத்தைந்து, திரும்பவும்,
அதற்கடுத்த வாரம் திரும்பவும்.
பணத்தைக் கட்டினேன். ரசீதில்
வரி தனியாகப் போட்டிருந்தது.

ரிமாந்தாஸ் தன் காரில் சாய்ந்துகொண்டு
எத்தனை மணிக்கு எழுப்பணும் என்று
செல்போனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில்,
என் சின்னக் காரில்,
இடப்பக்கத் திருப்பம்.
நின்றேன்.
கண்ணாடியைப் பார்த்தேன்,
கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
இருட்டில் யாருமில்லை,
இன்னொரு தடவை பார்த்தேன்.
பின்னாலிருந்தவன் ஹாரனில் கையை வைத்து
எடுக்கவே இல்லை.
எந்தச் சனிக்கிழமையும்
எந்த மாடியும் ஏற வேண்டியதில்லை
அவன்.