மூலனூர், நாலு தடவை

ஆடியில் முத்திரை அடிக்கப் போனேன்.
காற்று ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது.
"அதையுஞ் சேத்துத்தானுங்க நிறுக்கறோம்"
சிரித்தாள் தெய்வாத்தா.

ஐப்பசியில் சந்தையே செஞ்சேறு.
நிழற்குடையில் ஒரு கிடாய்,
எனக்கு இடம் விடவில்லை.

மார்கழியில் முருங்கைக்காய் கிலோ முந்நூறு.
தூங்கும் பிள்ளையைக் கிடத்துகிறாப்போல
ஒவ்வொன்றாய்த் தட்டில் வைத்தாள்.
நான் விலை மட்டும் கேட்டேன்.

சித்திரையில் மூன்று ரூபாய்.
பறிகூலிக்கே ஆகாதென்று
டெம்போவோடு கொட்டிப் போயிருந்தார்கள்.
மாடுகள் முகர்ந்துவிட்டு நடந்தன.

படிக்கற்களைச் சோதித்தேன்.
ஒரு கிலோ, ஒரு கிலோதான்.
"கல்லு செரிதானுங்க சார்,
வெலைக்கு முத்திரை அடிக்க ஆரு வருவாங்க?"

பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.
கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள்
என் பையில் ஒரு கட்டைச் செருகியிருந்தாள்,
நிறுக்காமலே.