எழுபத்தாறாம் மனை

வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை.
லியேஜில் மூன்றாம் மாடி, வடக்கு ஜன்னல்.
மோஸ் ஆறு கீழே தன்பாட்டுக்குப் போகும்.
வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு,
இன்னும் வராத ஆய்வகங்களுக்கு ஊதா.
அந்த வருஷம் ஊதா நிறையச் செலவாயிற்று.

பதினேழு ஹெக்டேர்.
ஊதுலை குளிர்ந்து பன்னிரண்டு வருஷம்.
ஆற்றோர மனைகள் எல்லாவற்றுக்கும் நேரே
கோப்பில் ஒரே சொல்: காலி.
எழுதியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.
நான் அதன்மேல் பச்சை பூசினேன்.
நடைபாதை, சைக்கிள் தடம், நாற்பது வில்லோ மரங்கள்.

நிதிப் பிரிவின் சொலாஞ் வாத்தலே
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள்.
ஒரு யூரோ போட்டால்
இரண்டு யூரோ நாற்பது சென்ட் திரும்பும் என்றாள்.
யாருக்கு, என்று கேட்டேன்.
வட்டாரத்துக்கு.
எங்கள் அட்டவணையில் வட்டாரம் என்பது
நாற்பது கிலோமீட்டர் ஆரம்.
அதற்குள் எந்தப் பையில் விழுந்தாலும் வரவுதான்.

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஒதுக்காவிட்டால்
பணம் பிரஸ்ஸல்ஸுக்குத் திரும்பிவிடும்.
நவம்பர் கடைசியில்
மண் சோதிக்கப் போனவர்களோடு நானும் போனேன்,
இரவல் பூட்ஸில்.

எழுபத்தாறாம் மனையில்
வானொலி பாடிக்கொண்டிருந்தது.
காலி மனைகள் பாடுவதில்லை.

தகரக் கதவுக்குப் பின்னால் ஒன்பது பேர்
படகுகளின் பம்ப்புகளைப் பிரித்துப் போட்டு
பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ரோட்டர்டாம் போகிற படகு,
நமூரிலிருந்து சரளைக்கல் ஏற்றி வந்து
பாதி வழியில் நின்றுபோன படகு.
மின்சாரம் பக்கத்து மனையின் பெயரில்.
ஆகவே மீட்டரைக் கேட்டால் இவர்கள் இல்லை.
வாடகை வாங்குகிறவருக்கு முகம் இல்லை,
லக்சம்பர்க்கில் ஓர் அஞ்சல் பெட்டி எண்.

முதலாளி ஓர்த்தான்ஸ் பெத்ரூச்சி
கையைத் துடைத்துவிட்டு வரைபடத்தை வாங்கினாள்.
துடைத்தும் பெருவிரல் பதிந்தது,
கரையைத் தாண்டி, தண்ணீருக்குள்.

"நாங்கள் எங்கே?"
காட்டினேன்.
"புல்லா?"
"நதிமுகப் பூங்கா."
"படகு கெட்டுப்போனால்
பெஞ்சில் உட்கார வைப்பீர்களாக்கும்."
பின்னால் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மண்ணில் ஈயம் இருந்தது. காட்மியம் இருந்தது.
சொன்னபோது அவள் தோளைக் குலுக்கினாள்:
"தெரியும். இங்கே நாங்கள் ஒருநாளும் கீரை போட்டதில்லை."

இரண்டு மீட்டர் தோண்டி மண்ணை மாற்றும் செலவைச் சேர்த்ததும்
வாத்தலேயின் இரண்டு நாற்பது
ஒன்று பத்தாக இளைத்தது.
ஒன்பது பேரைப் பற்றி அவளிடம் சொன்னேன்.
ஒன்பது, என் கணக்கில் முழுமையாக்கும்போது விழுந்துவிடும் என்றாள்.
கெட்டவள் இல்லை.
அன்று மாலை வரை பேனாவை மூடவில்லை அவள்.

எழுபத்தாறில் பச்சையை நான் சுரண்டி எடுத்தேன்.
ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்பு.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை.
ஆலோசகர் ஒருவர், நாமூரிலிருந்து வந்தவர்,
லேசர் ஒளியால் ஆற்றுக்குள் ஒரு புள்ளியைத் தொட்டார்:
"இது உத்தேசப் படகுத்துறைதானே?"
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
எண்ணெய்க் கறை. ரேகைகூடத் தெரிந்தது.
ஆமாம் என்றேன்.

படகுத்துறை, ஒன்று.
டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி
ஆறு லட்சத்து நாற்பதாயிரம் யூரோ
அதன்மேல் இறங்கி உட்கார்ந்தது.
வாத்தலே எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டாள்.
அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன்.

மார்ச்சில் ஓர்த்தான்ஸ் போன் செய்தாள்.
பெட்டி எண் வாடகையை ஒன்றரை மடங்காக்கிவிட்டதாம்.
காரணம் ஒரே வரி:
எதிரே படகுத்துறை வரவிருப்பதால்.

"அது என் விரல்தானே?"
ஆமாம் என்றேன், மறுபடியும்.
பின்னால் அதே வானொலி.
ஏதோ ஒரு கம்ப்ரசர் மூச்சு வாங்கியது.
"அதை அழிக்க எவ்வளவு ஆகும்?"

அட்டவணையை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன்.
கட்ட, நட, மூட, இடிக்க,
எல்லாவற்றுக்கும் கணக்குத் தலைப்பு இருந்தது.