சேதாரம்

சேர்வேயர் அருளப்பு பால்மா ரின் ஒன்றைக்
கொண்டுவந்து என் பட்டறை மேசையில் கவிழ்த்தார்.
நாற்பது சன்னம்.
"பத்தர், ஒரே நிறையானதுகளைப் பிரிச்சுத் தாங்கோ.
பெட்டியில எல்லாம் ஒண்டெண்டுதான் அடிச்சிருக்கு."

கன்னாதிட்டியில் கரண்ட் இல்லாத மத்தியானம்.
விசிறி நின்றதும் நல்லதுக்குத்தான்,
தராசுத் தட்டு ஆடாது.

ஒன்று ஒன்றேமுக்கால் பவுணும் ஒரு பொட்டும்.
மேலே செம்பு, உள்ளே ஈயம்.
நாங்கள் செம்பை உள்ளே ஒளிப்போம்,
இவர்கள் அதை வெளியே உடுத்திவிடுகிறார்கள்.
குன்றிமணியில் பாதி, காலென்று
ஒவ்வொன்றும் மற்றதுக்குப் பொய் சொன்னது.
விளக்கு வைக்கும் நேரம் பதினெட்டு உண்மை தேறியது.

"ஏன் இவ்வளவு பாரம்?" என்றேன்.
"மெல்லத்தான் கிளம்பும். ஆனால் தூரத்தில
சோளகத்துக்கு வளைஞ்சு குடுக்காது.
நீளச் சன்னத்துக்குக் குழலுக்குள்ள முறுக்கு நெருக்கமா வேணும்,
இல்லாட்டி பம்பரம் மாதிரித் தலை சாயும்."
முறுக்கென்றால் எனக்குச் சங்கிலிதான் தெரியும்.
தலையாட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து கல்லுண்டாய் வெளிக்குப் போனோம்.
சட்டைப்பையில் அனுமதிப் பத்திரம்,
சைக்கிள் பாரில் சாக்குச் சுற்றிய துவக்கு.
தன் அளவைச் சங்கிலியாலேயே பதினைந்து சங்கிலி அளந்து
ஒரு பழைய வரைபடத்தைப் பலகையில் குத்தினார்:
யாரோ இரண்டு பேரின் வேலிச் சண்டை,
கோர்ட்டில் தீர்ந்ததோ என்னவோ.

மருந்தை அரை அரைக் கிரெயினாய் ஏற்றி
உறைகளில் பென்சிலால் எண் போட்டிருந்தார்.
ஒன்றாம் எண்ணில் மூன்றும் சுளகளவு பரந்தன.
இரண்டு, கொஞ்சம் ஒடுங்கியது.
மூன்றும் அப்படித்தான்.
நாலில் மூன்று துளையும் ஒரு சிரட்டை வாய்க்குள்,
வேலிக்குக் கிழக்கே, கிணற்றுப் பங்கில்.
ஐந்தில் வேகம் கூடியது, துளைகள் கோபித்துப் பிரிந்தன.
"நாலுதான்," என்றார்,
பெண் பார்த்துச் சரிவந்த வீட்டிலிருந்து வெளிப்பட்டவர் போல.
உப்புக் காற்று கண்ணைக் கரித்தது.
நான் நிறுத்தது மூன்றும் ஒன்றையொன்று தேடிப் போயிருந்தன.
சொன்னால் வெட்கம், எனக்குப் பெருமையாயிருந்தது.

பத்து நாள் கழித்துப் பூநகரிக்கு அப்பாலிருந்து வந்தார்.
உமலில் மரைத்தொடை.
நாகபூசணி வெள்ளிக்கிழமையென்று முகத்தைத் திருப்பினாள்,
பிறகு கோடிப்புறத்தில் அடுப்பு மூட்டச் சொன்னாள்.
மீதி மூன்று வீட்டுக்குப் பங்கு போனது.

அருளப்பு கைலேஞ்சியை அவிழ்த்தார்.
"மற்றப்பக்கத் தோலுக்குக் கீழ கிடந்தது."
சன்னமா அது?
செம்பு இதழ் இதழாய் மடிந்து விரிந்து,
கல் வைக்க மறந்த தோடு.
ஒரு காதுக்கு மட்டும் செய்தது.

தட்டில் வைத்தேன்.
ஒரு பவுண், பிறகு கொஞ்சம்.
"அரைப் பவுணுக்கு மேல சேதாரம்," என்றேன்.
பழக்கதோஷம்.
அவர் சிரித்தார். "பரவாயில்லை, நல்லாத் தாங்கியிருக்கு."
"எங்க போச்சு?"
"மரைக்குள்ள."

என் பட்டறையில் அரத்தூளுக்கும் கணக்குண்டு.
நிலத்தைக் கூட்டி, மண்ணை அரித்து,
கை கழுவிய தண்ணீரையும் வடித்தெடுப்போம்.
வாடிக்கைக்காரர் கேட்பார்கள், சொல்லவேண்டும்.
இதற்கு யார் வந்து கேட்பது?

இரவு, மூன்றாம் வாய்ச் சோற்றில்
கடைவாய்ப் பல் எதையோ கடித்தது.
விளக்கடியில் துப்பிப் பார்த்தேன், ஈயம்.
எழும்பிப் போய் எச்சிற் கையோடு தராசை எடுத்தேன்.
கால் குன்றிமணி.

"கறி ஆறுது," என்றாள் நாகபூசணி.
நான் மற்ற மூன்று வீட்டையும் நினைத்துக்கொண்டு
தட்டு நிற்கும்வரை நின்றேன்.