கடல்பச்சை

கிளாக்கோமா ஓரத்திலிருந்துதான் தின்னும்,
நடு கடைசிவரை நிற்கும் என்றார் டாக்டர்.
ஓரங்களையே காவல் காத்தேன்:
தெற்கு மாரட் வீதியில்
இடப்பக்கம் திடீரென முளைக்கும் ஷேர் ஆட்டோ,
கடைவாசல் படி,
இரவு ஒன்பதுக்குச் சொட்டுமருந்து.

வியாழனன்று
ஆரப்பாளையத்து வீட்டுக்கு இருபது லிட்டர் கடல்பச்சை
கலக்கிக் கொடுத்தேன்.
சாயங்காலம் வாளியோடு வந்தார் பெயின்டர் செல்லப்பாண்டி.
"அண்ணே, இது நீலம்ணே."
நிற அட்டையை ஒட்டிவைத்து நேருக்கு நேர் பார்த்தேன்.
இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

நரம்போடு நிற்பதில்லை போல, என்றார் இம்முறை.
நிறம் பிரிக்கும் கூம்பு செல்களிலும்,
அதுவும் நட்டநடுவில்,
சில வீங்கி, சில இடம்விட்டு
இருக்கலாம்.
காற்றாடி சுற்றியது. கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

இருபது லிட்டரையும் என் வீட்டுக்கே அடித்தாயிற்று.
ஜெகதா நீலம் என்கிறாள்.
பச்சைக்குத்தான்
பில் போட்டிருக்கிறேன்.