இரண்டாம் கிளாரினெட்

பெர்கனில் மழை பெய்யாத செவ்வாய்க்கிழமை
வருஷத்துக்கு எட்டோ ஒன்பதோ.
மற்ற செவ்வாய்களில்
மழைக்கோட்டுக்குள் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் இரண்டு கருங்குழல்,
பள்ளிக்கூட மேட்டில் ஏறிப்போவேன்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
எங்கள் இசைக்குழு உட்காரும்.

பகலில் நான் லிஃப்ட் பரிசோதகர்.
கயிறு, பிரேக், கதவிடுக்கு.
இந்த ஊர் மோட்டார்கள் ஏறக்குறைய ஒரே சுரத்தில் முனகுகின்றன,
துறைமுகத்து ஓட்டல் லிஃப்ட் மட்டும்
கால் சுரம் தாழ்ந்து.
அதை எழுத அறிக்கையில் கட்டமில்லை.

பெயர் தூருன். இரண்டாம் கிளாரினெட்.
எனக்கு எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் மௌனம்.
ஐம்பத்தேழு சுற்று சும்மா இரு என்கிறது தாள்.
முழங்காலில் விரல் மடக்கி எண்ணுவேன்.
நாற்பத்தொன்றில் டிராம்போன்காரர் தும்முவார்,
எல்லா வாரமும் இல்லை,
ஆனாலும் அதை நம்பித்தான் இருக்கிறேன்.
அதற்குள் சீவாளி காய்ந்துவிடும்.
நாக்கில் நனைத்தபடி
ஒரு வார்த்தை பேசாமல் காத்திருப்பேன்:
என்னால் முடியவே முடியாதென்று
முன்னாள் கணவர் அடித்துச் சொன்ன காரியம்.

இரண்டாவது குழல் மடியில் சில்லிட்டுக் கிடக்கும்.
சுரம் மாறும் பக்கத்தில் அதை எடுக்க வேண்டும்,
குளிர்ந்த மரம் தாழ்ந்து ஒலிக்கும்.
அதனால் கம்பளிக்குள் விட்டு,
தேவைப்படும் வரை
வயிற்றோடு அணைத்து வைத்திருப்பேன்.

ரசனை என்றால்,
பிராம்ஸ் பிடிக்கும். பந்தியின் நடுவில் இருப்பவனுக்கும்
சோறு விழுகிறதா என்று பார்க்கிறவர்.
புத்தாண்டு வால்ட்ஸ் பிடிக்காது.
உம்-பா-பாவில் என் பங்கு இரண்டு பா.
பெரிய சிம்பொனிகளின் கடைசி இரைச்சலில்
வாசிக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.
ஒருமுறை வாசிக்காமல் இருந்து பார்த்தேன்.
கைதட்டல் குறையவில்லை.
காரில் எதுவும் கேட்பதில்லை.
வைப்பர் போதும்.

பிப்ரவரியில் ஹல்வருக்கு முன்பல்லில் வேர்ச் சிகிச்சை.
"ஒரு நாற்காலி தள்ளி உட்கார்" என்றார் நடத்துநர்.
மெதுவான பகுதி. தனிக்குரல் என்னுடையது.
எட்டுச் சுற்று, மூச்சுக்கு ஒரே இடம்.
தொண்டைச் சுரத்திலிருந்து மேலே தாவுகையில்
எப்போதும் கீச்சிடும் குழல்
அன்று கீச்சிடவில்லை.
வயலின்காரர்கள் வில்லால் தாங்கியைத் தட்டினார்கள்.
காது மடல் வரை சுட்டது எனக்கு.

பிறகு எல்லாரும் சேர்ந்து நிற்கிற அந்த இடம் வந்தது.
அடியில் கொம்புகள், உச்சியில் புல்லாங்குழல்,
நடுவில் ஒரு பொத்தல்.

பதினாறு வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறேன்.
மூன்றாம் சுரம். மயிரிழை தாழ்த்திப் பிடித்தால்
மொத்தக் கூடமும்
தளத்துக்குச் சரியாக லிஃப்ட் நிற்பதுபோல் நிற்கும்,
உள்ளே இருப்பவருக்கு நின்றதே தெரியாது.
யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
பார்த்தால்
ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பொருள்.

"நிரந்தரமாக இங்கேயே இருந்துவிடேன்,
ஹல்வர் திரும்புகிற மாதிரி இல்லை."
மாட்டேன் என்றேன்.
ஆசை இல்லையா என்று கேட்டார்.
குழலைத் துடைக்கும் துணி பாதியில் சிக்கிக்கொண்டதால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஏப்ரலிலிருந்து முதல் நாற்காலியில் பிர்கித்தெ,
துரும்சோவிலிருந்து வந்த தோல் மருத்துவர்.
நல்ல தொனி, நீண்ட மூச்சு.
கொஞ்சம் உயர்த்தி வாசிக்கிறாள்.
எனக்கு வேலை அதிகமாகிவிட்டது.