துணைக்கால்

வரிக்கு இவ்வளவு என்று கூலி எனக்கு.
காவேரிப்பட்டணம் பகுதி நிருபர்.
விபத்து, கள்ளக்காதல், கிணற்றில் மிதந்தவர்,
சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில்
வரிசைகட்டி நிற்கும் டிராக்டர்கள்.

அன்று அனுப்பியது நான்கு வரி.
அரசுப் பள்ளிச் சுவரோரம்
போனை உயர்த்திப் பிடித்து நின்ற
வடமாநிலத் தொழிலாளியிடம்
பொதுமக்கள் விசாரணை.

விசாரணை, நான் போட்ட சொல்.
அடித்தார்கள் என்று எழுதினால்
அடித்தவர்கள் என் தெருக்காரர்கள்.

சேலத்தில் மேசை அதைத் தின்று கொழுத்து
சாயங்காலம் சிவப்பு மையில் ஈன்றது:
பிள்ளை பிடிக்கும் கும்பலா?

ஆசிரியர் போனில் சிரித்தார்.
"அந்தக் கேள்விக்குறி இருக்கே,
அதுதாம்ப்பா நம்ம வக்கீல்."
பெட்டிக்கடை வாசல் தட்டியில்
வக்கீல் தொங்கினார்
காற்றில் படபடத்துக்கொண்டு.
நாலு டீக்கு மூணு பேப்பர் போனது.

ஏழு மணிக்கு ரவுண்டானாவில் கூட்டம்.
மண்காவல் படை.
போன வருஷம் வரை ரீசார்ஜ் கடை மாதேசன்,
இப்போது வேங்கைமாறன்.
என் செய்தியை மைக்கில் வாசித்தான்.
மைக்கில் கேள்விக்குறிக்குச் சத்தம் கிடையாது.
கும்பலா என்பதில்
துணைக்காலை ஒடித்தான்,
தலையில் ஒரு புள்ளி வைத்தான்.
கும்பல்.
கைதட்டினார்கள்.

அப்புறம் எண்ணிக்கை சொன்னான்.
இத்தனை லட்சம் பேர் இறங்கிவிட்டார்கள்,
நம் வேலை, நம் வாடகை வீடு, நம் பெண்கள்.
மேடையை விட்டு இறங்கியதும் கேட்டேன்,
எங்கே எடுத்தாய் இந்தக் கணக்கை?
"உங்க பேப்பர்லதாண்ணே."
மறுநாள் எங்கள் பேப்பரில்:
மண்காவல் படை பகீர் தகவல்.

என் சித்தப்பா
பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவர்.
காவிரிக்காக ஊர் எரிந்த வாரம்
அத்திப்பள்ளி வரை நடந்தே வந்தவர்.
வழியில் யார் பேர் கேட்டாலும்
ஊமைபோல வாயைத் தொட்டுக் காட்டினாராம்.
அங்கேயும் ஒரு சாயங்காலப் பேப்பர் இருந்திருக்கும்,
வரிக்கு இவ்வளவு என்று ஒருவன்.
சித்தப்பா இப்போது
மண்காவல் படைக்கு மாதம் நூறு ரூபாய் சந்தா.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு.
வலது காலில் மாவுக்கட்டு.
உச்சந்தலையில் ஏழு தையல்.
பெயர் பிதேசி நாயக்.
நான் வைத்ததல்ல, ஆதாரில் இருப்பது.
முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை;
அசலூரான் என்று கூப்பிட்டால்
எமன் நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையென்று போய்விடுவான் என
அவன் அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள்.
நம்மூர்க் குப்பன், பிச்சை மாதிரி.
பக்கத்துக் கட்டில் ஒடியாக்காரர்
அரைத் தமிழில் சொன்னார்.
அன்று போனுக்குள் இருந்தது அவன் மகளாம்.
நம் பிள்ளைகள் கபடி ஆடுவதை
அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தானாம்.

மறுப்பு ஒன்று போடலாமா என்று கேட்டேன்.
"மறுப்புக்கு வரிக்காசு கிடையாதுப்பா."

தலையணைக்கு அடியிலிருந்து
எங்கள் பேப்பரை எடுத்தான் பிதேசி.
நாலாய் மடித்தது, முதல் பக்கத்தில் அவன் படம்.
தனக்கு நடந்ததைக் கண்டித்து
யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான்.
ஊருக்கு எடுத்துப் போக வைத்திருக்கிறான்.
படிக்கச் சொல்லி நீட்டினான்.

தாளைத் திருப்பினேன்.
மண்டி நிலவரம்.
செந்தூரா இருபத்தாறு.
மல்கோவா அறுபது.
பெங்களூரா என்று அச்சாகியிருந்ததை
தோத்தாபுரி என்று வாசித்தேன்,
அவன் ஊரில் அதற்கு அந்தப் பெயர்தானே.

ஆலையில் நாள் முழுக்கக் கொட்டை நீக்குகிற பழம்.
முகம் மலர்ந்து தலையாட்டினான்,
தையல் இழுத்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

இன்னொரு தடவை, என்றான் கையால்.
தோத்தாபுரி ஒன்பது.